“உன் மேலும் தவறு உண்டு!”

தோழர்களே! “உன் மேலும் தவறு உண்டு” என்பது நாலே நாலு சொல். சொல்லக் காசு செலவில்லை. சொல்லுகிறவனுக்கு வாயும் வலிப்பதில்லை. ஆனால் விபத்து வழக்கில் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியின் வக்கீல் எழுந்து நின்று இந்த நாலு சொல்லைச் சொல்லி, அது எடுபட்டும் விட்டால், ஒரு தொழிலாளி குடும்பத்தின் பல ஆண்டுச் சோறு பறிபோகிறது. மிகைப்படுத்திச் சொல்லவில்லை. கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம்.

ஒரு தொழிலாளி. வயது 30. மாதச் சம்பளம் 15,000 ரூபாய். நிரந்தர வேலையில்லை. தாய், மனைவி, இரண்டு குழந்தைகள் என்று நாலு பேர் அவன் கையை நம்பியிருக்கிறார்கள். வேலைக்குப் போகும் வழியில் லாரி மோதி மாண்டுவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். உச்ச நீதிமன்றம் 2009லும் 2017லும் வகுத்துத் தந்த முறைப்படி, வருங்காலத்தில் கூடியிருக்கக்கூடிய வருமானத்துக்காகச் சம்பளத்தோடு 100க்கு 40 கூட்ட வேண்டும், 21,000 ஆகிறது. அவன் தன் சொந்தச் செலவுக்கு வைத்துக்கொண்டிருப்பான் என்று கால் பங்கைக் கழிக்க வேண்டும், 15,750 ஆகிறது. ஆண்டுக்கு 1,89,000. அவன் வயதுக்கு உரிய பெருக்கு எண் 17. பெருக்கினால் 32,13,000 ரூபாய். ஈமச் செலவு முதலியவை தனி.

இப்போது அந்த நாலு சொல் வருகிறது. “இறந்தவன் மேலும் 100க்கு 30 பங்கு தவறு உண்டு” என்று தீர்ப்பாகிவிட்டால் 9,63,900 ரூபாய் கழிந்துபோகிறது. இறந்தவனின் 64 மாதச் சம்பளம்! ஐந்து ஆண்டுக்கு மேல் அவன் உழைத்துச் சம்பாதித்திருக்கக்கூடிய பணம் நாலு சொல்லில் கரைந்துபோகிறது.

தவறு செய்தவன் அதன் பலனை ஏற்கத்தான் வேண்டும். அதை நாம் மறுக்கவில்லை. நாம் கேட்பது ஒன்றே ஒன்று: அந்த 30 எங்கிருந்து வந்தது? யார் நிரூபித்தார்கள்? அந்தத் தவறுதான் விபத்தை உண்டாக்கியதா, அல்லது அது வேறெங்கோ கிடந்த தவறா? இந்தக் கேள்விகளைக் கேட்கத் தெரியாத காரணத்தால்தான் ஏழையின் பணம் பேரத்தில் போகிறது.

மூன்று பூட்டுகள்

இந்த நாலு சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. அது பிறந்த இடம் இங்கிலாந்து. 1809இல் ஒரு வழக்கு. வீட்டைப் பழுது பார்த்துக்கொண்டிருந்த ஒருவன் பாதையின் குறுக்கே கழியைப் போட்டுவைத்தான். மாலை மங்கும் நேரத்தில் குதிரையில் வேகமாக வந்தவன் அதில் இடறி விழுந்து அடிபட்டான். “நீயும் கவனமாக வந்திருந்தால் கழி கண்ணில் பட்டிருக்கும்” என்றது கோர்ட். ஒரு காசுகூடக் கிடைக்கவில்லை. பாதையை மறித்தவனுக்கு எந்த நஷ்டமும் இல்லை! அடிபட்டவன் மேல் துளியளவு தவறு இருந்தாலும் முழுத் தொகையும் போச்சு என்பதுதான் அன்றைய சட்டம்.

1837இல் இன்னொரு வழக்கு. கசாப்புக் கடையில் வேலை பார்த்த ஒரு பையன், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய வண்டியில் முதலாளி வேலையாகப் போனான். வண்டி முறிந்தது, பையனின் தொடையெலும்பும் முறிந்தது. ஜூரிகள் இரக்கப்பட்டு நூறு பவுன் கொடுக்கச் சொன்னார்கள். நீதிபதிகள் அதை ரத்துச் செய்துவிட்டார்கள். உடன் வேலை செய்கிறவனுடைய தவறுக்கு முதலாளி பொறுப்பல்ல என்ற கொள்கை இந்த வழக்கிலிருந்துதான் வேர்விட்டது.

இப்படி மூன்று பூட்டுகள் செய்தார்கள். “உன் மேலும் தவறு உண்டு” என்பது முதல் பூட்டு. “தவறு செய்தது நானல்ல, உன்னோடு வேலை செய்தவன்” என்பது இரண்டாவது. “ஆபத்து என்று தெரிந்துதானே வேலைக்கு வந்தாய்” என்பது மூன்றாவது. மூன்றையும் தாண்டி நஷ்டஈடு வாங்கிய தொழிலாளி அபூர்வம். சுரங்கத்திலும் ஆலையிலும் ரயில் பாதையிலும் கை கால் இழந்தவர்கள் வெறுங்கையோடு வீடு திரும்பினார்கள். கையும் இல்லாதவர்கள் எதோடு திரும்பினார்கள் என்று கேட்காதீர்கள்!

பூட்டை உடைக்கத் தொழிலாளர் உலகம் நெடுநாள் போராடியது. 1884இல் ஜெர்மனி, விபத்து இன்ஷ்யூரன்ஸ் சட்டம் கொண்டுவந்தது. 1897இல் இங்கிலாந்து தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் செய்தது. இந்தியாவில் 1923இல் சட்டம் பிறந்து, 1924 ஜூலை 1ஆம் தேதி அமலுக்கு வந்தது. இந்தச் சட்டங்களின் அடிப்படை ஒன்றே: யார் தவறு என்ற ஆராய்ச்சி தேவையில்லை, வேலையினால், வேலை நேரத்தில் விபத்து நடந்ததா, நடந்தால் பணத்தை வை!

பட்டறையில் சதவீதம் கிடையாது

பட்டறைத் தோழர்கள் மனத்தில் எழுதிக்கொள்ள வேண்டியது இது. வேலையிடத்து விபத்துக்கு, தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டப்படி, “உன் கவனக்குறைவு 100க்கு 20, ஆகவே 20 கழித்துக்கொள்கிறேன்” என்று சொல்லச் சட்டத்தில் இடமே இல்லை. அசந்து போனாய், தூக்கக் கலக்கத்தில் கை விட்டாய், அவசரப்பட்டாய் என்பதெல்லாம் நஷ்டஈட்டைக் குறைக்கும் காரணங்கள் அல்ல. மனிதன் அசருவான் என்பதை அறிந்துதான் சட்டம் எழுதப்பட்டது.

முதலாளி தப்பிக்க மூன்று வாசல்கள் மட்டுமே உண்டு. தொழிலாளி குடி அல்லது போதையில் இருந்தது ஒன்று. பாதுகாப்புக்கென்று வெளிப்படையாக இட்ட உத்தரவை அல்லது விதியை வேண்டுமென்றே மீறியது இரண்டு. பாதுகாப்புக் கருவியைத் தெரிந்தே வேண்டுமென்றே கழற்றியது அல்லது புறக்கணித்தது மூன்று. விபத்து நேரடியாக அதனால்தான் நடந்தது என்றும் இருக்க வேண்டும். இத்தனைக்குப் பிறகும் இன்னொன்றைக் கவனியுங்கள்: தொழிலாளி இறந்துவிட்டால், அல்லது முழுமையாக, நிரந்தரமாக முடமாகிவிட்டால், இந்த மூன்று வாசல்களும் அடைபடுகின்றன. 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் கொண்டுவரப்பட்ட 2020ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இதே ஏற்பாடுதான் எழுதப்பட்டிருக்கிறது.

“வேண்டுமென்றே” என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். பிரஸ் மிஷினில் விரல் போகிறது. “கார்டைக் கழற்றிவிட்டு ஓட்டினான்” என்கிறது நிர்வாகம். யார் கழற்றினார்கள்? கார்டு இருந்தால் உருப்படி எண்ணிக்கை குறைகிறது என்று சூப்பர்வைசர் கழற்றச் சொன்னாரா? மாதக் கணக்காகக் கழற்றியே கிடந்ததா? சுவரில் ஒட்டிய எச்சரிக்கைத் தாள், தொழிலாளிக்குப் படிக்கத் தெரிந்த மொழியில் இருந்ததா? இதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியவர் முதலாளி. விரல் இழந்தவன் அல்ல.

ஈ.எஸ்.ஐ. முறையில் உள்ளவர்கள் நஷ்டஈட்டை அந்த வழியில்தான் பெற வேண்டும். அங்கேயும் தொழிலாளிக்குச் சாதகமான ஏற்பாடு உண்டு. விதியை மீறி நடந்த வேலையாயிருந்தாலும், அது முதலாளியின் தொழிலுக்காகவே செய்யப்பட்டது என்றால், அது வேலை விபத்தாகவே கொள்ளப்படும்.

சாலையில் தராசு

சாலை விபத்து வேறு கதை. அங்கே மோட்டார் வாகனச் சட்டப்படி, எதிரியின் தவறு என்று காட்டித்தான் முழு நஷ்டஈடு கேட்க வேண்டும். ஆகவே தராசு வருகிறது. இருவர் மேலும் தவறு இருந்தால் தவறைப் பங்கு போட்டு, அடிபட்டவன் பங்கைக் கழிக்கிறார்கள். துளித் தவறுக்கு முழுப் பணமும் போகும் பழைய கொடுமையை இங்கிலாந்து 1945இல் சட்டம் போட்டு ஒழித்தது. இந்திய நீதிமன்றங்களும் பங்கு போடும் முறையையே பின்பற்றுகின்றன. பழையதைவிட இது நியாயம்தான். ஆனால் தராசு நியாயமாயிருந்தால் போதுமா? தட்டில் எதை வைக்கிறார்கள் என்பதல்லவா கேள்வி!

லைசென்ஸ் இல்லையா? வை தட்டில். ஒரு வண்டியில் மூன்று பேரா? வை தட்டில். ஹெல்மெட் இல்லையா? அதையும் வை. இப்படிக் கண்டதையெல்லாம் வைத்தால் தட்டு தாழத்தான் செய்யும். இங்கேதான் நாம் ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். விதியை மீறுவது வேறு. விபத்தை உண்டாக்குவது வேறு.

இதை நாம் சொல்லவில்லை; உச்ச நீதிமன்றமே சொல்கிறது. 2020இல் தீர்ப்பான ஒரு வழக்கில், ஒரு மோட்டார் சைக்கிளில் மூன்று பேர் போனார்கள். பின்னாலிருந்து கார் வந்து மோதியது. பின்னால் உட்கார்ந்திருந்த இளைஞன் மாண்டான். மூன்று பேர் போனதே தவறு என்று சொல்லி உயர் நீதிமன்றம் தொகையைக் குறைத்தது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மூன்று பேர் போனது விதிமீறல்தான். ஆனால் அந்த மீறலுக்கும் விபத்துக்கும், அல்லது பட்ட அடிக்கும், சம்பந்தம் காட்டாமல் கழிக்க முடியாது என்றது. முன்னால் போகிற வண்டியைக் காரோட்டி பின்னாலிருந்து இடித்தான். முன் வண்டியில் இரண்டு பேர் இருந்தால் இடித்திருக்க மாட்டானா?

லைசென்ஸும் அப்படித்தான். 2008இல் தீர்ப்பான வழக்கில், லைசென்ஸ் இல்லாமல் வண்டி ஓட்டிய இளைஞன் மேல் சிறு லாரி மோதியது. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியது குற்றம், அதற்குத் தண்டனை தனி. ஆனால் அது ஒன்றினாலேயே விபத்துக்கு அவனும் காரணம் என்று சொல்லிவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது.

ஹெல்மெட் விஷயத்தில் எச்சரிக்கையாயிருங்கள். ஹெல்மெட் போடவில்லை என்று கழித்த தீர்ப்புகள் உண்டு. அங்கேயும் கேள்வி அதுவேதான். அடி தலையிலா, காலிலா? காலெலும்பு நொறுங்கியவனிடம் ஹெல்மெட் கணக்குக் கேட்பது, வயிற்று வலிக்காரனிடம் செருப்புக் கணக்குக் கேட்பது போலத்தான்!

காகிதமும் சந்தேகமும்

சம்பந்தம் உண்டு என்று சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். எதைக் கொண்டு? சாட்சியைக் கொண்டு. கேரளத்து வழக்கு ஒன்றில் கார் ஓட்டி வந்தவர் பஸ் மோதி இறந்தார். அவர் மேலும் தவறு என்று சொல்ல இரண்டு காகிதங்களைக் காட்டினார்கள். ஒன்று, வண்டிகள் எந்த இடத்தில் கிடந்தன என்று போலீசார் எழுதிய மகஜர். இன்னொன்று, இரைப்பையில் மது வாடை இருந்தது என்ற பிரேத பரிசோதனைக் குறிப்பு. மோதிய பிறகு வண்டி கிடக்கும் இடம், மோதும் முன் யார் எப்படி ஓட்டினார்கள் என்பதைச் சொல்லுமா? வாடை மட்டும் இருந்தால் போதை என்றாகுமா? 2013இல் உச்ச நீதிமன்றம் அந்தக் கழிவைத் தள்ளிவிட்டது. இந்தச் சந்தேகம் சாட்சியின் இடத்தில் உட்கார முடியாது என்பதுதான் அதன் சாரம்.

பஸ்ஸில் போகிற தோழர்களுக்கு இன்னொரு செய்தி. இரண்டு பஸ்கள் மோதிக்கொள்கின்றன. நடுவில் பயணிக்கு அடி. “அவன் பாதி, நான் பாதி” என்று இரண்டு கம்பெனிகளும் வாதாடும். இது அடிபட்டவனின் பங்கல்ல; இரண்டு டிரைவர்களின் கூட்டுத் தவறு. பயணி என்ன, ஸ்டியரிங்கையா பிடித்திருந்தான்? இப்படிப்பட்ட வழக்கில் முழுத் தொகையையும் இரண்டு தரப்பில் எவரிடமிருந்தும் வசூலிக்கலாம் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அவர்களுக்குள் பங்குச் சண்டையை அவர்கள் பிறகு தீர்த்துக்கொள்ளட்டும். எதிர் பஸ்காரனைத் தேடி அடிபட்டவன் அலைய வேண்டியதில்லை.

நெஞ்சு வலித்தால்?

தவறைக் காட்டிக் கழிக்க முடியாதபோது நோயைக் காட்டுவார்கள். “அவனுக்கு ஏற்கனவே இருதயக் கோளாறு, வேலையால் சாகவில்லை” என்பார்கள்.

இரண்டு தீர்ப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வண்டியில் கிளீனராகப் போன ஓர் இளைஞன் மாரடைப்பில் இறந்தான். வேலைப் பளுவுக்கும் சாவுக்கும் சம்பந்தம் காட்டச் சாட்சியம் இல்லை. 2006இல் உச்ச நீதிமன்றம் நஷ்டஈட்டை மறுத்தது. இன்னொரு வழக்கில், டில்லியிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் லாரி ஓட்டிப்போன டிரைவர், வழியில் வண்டியை நிறுத்தியவர் மயங்கி விழுந்து மாண்டார். அந்த நெடுந்தூர ஓட்டத்தின் சிரமமே சாவுக்கு வழிவகுத்தது என்று ஏற்று, 2012 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நஷ்டஈடு வழங்கியது. ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது. ஒரு குடும்பத்துக்கு இல்லை. எத்தனை மணி நேரம் வேலை, எவ்வளவு தூரம், எவ்வளவு பளு என்ற விவரம் ஒரு வழக்கில் இருந்தது, மற்றொன்றில் இல்லை. வேறுபாடு அதுதான்.

நாமே சந்தா கட்டி எடுக்கும் விபத்து இன்ஷ்யூரன்ஸ் இன்னும் கறாரானது. அங்கே யார் தவறு என்ற பேச்சில்லை. உடலுக்கு வெளியிலிருந்து வந்த அடியால், வேறு காரணம் கலவாமல் சாவு நேர்ந்ததா என்பதே கேள்வி. மோட்டார் சைக்கிளில் போகையில் நெஞ்சு வலித்துக் கீழே விழுந்து இறந்த ஒருவரின் மனைவிக்கு, விபத்துப் பணம் இல்லை என்று 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விழுந்ததால் சாகவில்லை, மாரடைப்பால் செத்தார் என்பது காரணம். அடிபட்ட காயங்கள் பிரேத பரிசோதனையில் ஒன்றுவிடாமல் எழுதப்பட வேண்டியது ஏன் என்று இப்போது புரிகிறதா?

நாம் செய்ய வேண்டியது

வழக்கு கோர்ட்டில் தோற்பதில்லை தோழர்களே. விபத்து நடந்த அன்றே, நடந்த இடத்திலேயே பெரும்பாலும் தோற்றுப்போகிறது. எனவே சங்கத் தோழர்கள் விபத்து என்று கேட்டதும் ஆஸ்பத்திரிக்கு ஒருவர் ஓடினால், சம்பவ இடத்துக்கு ஒருவர் ஓட வேண்டும். டயர்த் தடம், கண்ணாடித் துண்டு, வண்டிகள் கிடக்கும் நிலை எல்லாவற்றையும் படம் எடுங்கள். பார்த்தவர்களின் பெயரும் விலாசமும் வாங்குங்கள். பக்கத்துக் கடையில் காமிரா இருந்தால், பதிவு அழிவதற்கு முன் போலீசாரிடம் எழுதிக் கொடுங்கள். முதல் தகவல் அறிக்கையில் என்ன எழுதுகிறார்கள் என்று வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். லாரி டிரைவர் சொன்னதே அறிக்கையாகிவிட்டால், பிறகு அதைக் கழுவ வெகு பாடு படவேண்டும். பட்டறையானால் மிஷினின் நிலை, கார்டு இருந்த விதம், அன்று எத்தனை மணி நேர வேலை, யார் உத்தரவு என்று உடனே எழுதி வையுங்கள். உடன் வேலை செய்தவர்களின் வாக்குமூலத்தைப் பயம் வந்து சேரும் முன்னே வாங்குங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்று 2019ஆம் ஆண்டுத் திருத்தம் எழுதிவைத்தது. அது 2022 ஏப்ரல் 1 முதல் வந்தது. ஆகவே “காரியம் முடியட்டும், பிறகு பார்க்கலாம்” என்று இருந்துவிடாதீர்கள். அதே திருத்தம், யார் தவறு என்று நிரூபிக்காமலே சாவுக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2½ லட்சம் என்று ஒரு வழியும் வைத்திருக்கிறது. தவறைக் காட்ட வழியே இல்லாத குடும்பத்துக்கு அது கைகொடுக்கும். ஆனால் அதை வாங்கிக்கொண்டால் முழு நஷ்டஈட்டு வழக்கு அதோடு முடிந்துபோகும். மேலே போட்ட கணக்கை நினைத்துப் பாருங்கள்: 32 லட்சம் கிடைக்கக்கூடிய குடும்பம் 5 லட்சத்துக்குக் கையெழுத்துப் போடலாமா? துக்க வீட்டுக்கு ஃபாரத்தோடு வருகிறவரை உட்கார வைத்து மோர் கொடுங்கள். கையெழுத்தை மட்டும் வக்கீலைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்!

நம் பக்கமும் ஒன்று சொல்லியாக வேண்டும். குடித்துவிட்டு ஓட்டியவனுக்கும் எதிர்த்திசையில் நுழைந்தவனுக்கும் வக்காலத்து வாங்க இதை எழுதவில்லை. அவர்கள் பங்கு உண்மையான பங்கு; அதைச் சட்டம் கழிக்கத்தான் செய்யும். ஹெல்மெட்டும் லைசென்ஸும் கம்பெனிக்காக அல்ல, நம் தலைக்காகவும் பிள்ளைகளுக்காகவும். எதிரிக்கு நாமே ஆயுதம் தேடிக் கொடுக்க வேண்டாம்.

ஆனால் ஆயுதம் இல்லாதபோதும் நாலு சொல்லை ஓங்கிக்கொண்டு வருவார்கள். மக்கள் நீதிமன்றத்துப் பேரத்தில் வைத்துக்கூட, “30 கழித்துக்கொண்டு வாங்கிக்கொள், இல்லாவிட்டால் பத்து வருஷம் இழுக்கும்” என்பார்கள். அப்போது விதவையின் பக்கத்தில் நிற்கிற தோழர் கேட்க வேண்டியது நாலே சொல்: “காரணம் என்ன? சாட்சி யார்?” இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு ஆலை வாசலிலும், ஒவ்வொரு கிளையிலும் இருக்க வேண்டும். இருந்தால், 64 மாதச் சோறு அந்தக் குழந்தைகளின் தட்டிலேயே இருக்கும்.